தவிட்டுக்கு விற்ற சூனியக்காரி

என் கதையில் வரும் சூனியக்காரிக்குக் குப்பம்மா என்று பெயர் வைத்தேன். அதற்காக இரண்டு பேர் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் சென்னையில் புத்தகம் போடுகிறவர். அவருக்கு அந்தப் பெயர் அசிங்கமாகப் பட்டது. இன்னொருத்தி என் அம்மா. அந்தப் பெயர் அழகாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். நான் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பிடித்த பிடியை விடாமல் நின்றேன். இதில் மனிதர்கள் பெயரை எழுதப்போவதில்லை. சூனியக்காரிகள் பெயரை மட்டும் எழுதுவேன். அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

எங்கள் ஊர் புத்தலப்பட்டுப் பக்கம். சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில் இறங்கி உள்ளே நடக்கவேண்டும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். தமிழ் எழுத்தை வேலூரில் பெரியம்மா வீட்டுக்கு லீவுக்குப் போனபோது அவர்கள் வீட்டு வாரப் பத்திரிகைகளை வைத்துக் கற்றுக்கொண்டேன். அதனால்தானோ என்னவோ, எனக்குத் தமிழ் என்றாலே தொடர்கதைதான். எங்கள் ஆட்களுக்கு முன்பெல்லாம் காணி நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில்தான் வேலை. நைனாவுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்த பிறகுதான் எங்கள் வேர்க்கடலையை நாங்களே பறித்தோம். நைனா இன்னும் அந்த நிலத்தை விட்டு வரமாட்டேன் என்கிறார். அம்மா மட்டும் எனக்குச் சமைத்துப்போடத் திருப்பதிக்கு வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைக் கேட்கத் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்களும் வேண்டாம்.

எனக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்களைச் சோதிக்கிற வேலை. கம்பெனி பஸ் திருப்பதியிலிருந்து கிளம்பிக் காளஹஸ்தி தாண்டிப் போய்ச் சேருவதற்குள் ஒரு அத்தியாயம் எழுதிவிடலாம். பக்கத்து சீட்டில் இருக்கிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். நான் போனில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருப்பேன். எழுதியதைக் கதை படிக்கிற ஒரு ஆப்பில் போடுவேன். மந்திரம், மாயம், சூனியக்காரிகள். ஆபீஸ் காதல் கதை எழுத எனக்கு வராது. நான் வேலை செய்கிற இடத்தில் தலையோடு கால் வரை மூடிய உடுப்பு. யார் ஆண் யார் பெண் என்றே தெரியாது, அப்புறம் எங்கிருந்து காதலிப்பது?

கதையில் மூன்று சூனியக்காரிகள். ஆரம்பத்தில் அவர்களுக்கு நான் வைத்த பெயர்களை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. புராணத்தில் வருகிற மாதிரிப் பெயர்கள் என்று இணையத்தில் தேடி, அர்த்தம் பார்த்து, நீளமாக இருப்பதை எடுத்துக்கொண்டேன். எல்லாமே இருட்டு, நிலா, நெருப்பு என்று அர்த்தம் வருகிற சமஸ்கிருதப் பெயர்கள். கதாநாயகிக்கு வைத்த பெயரை நானே ஒரே மூச்சில் சொல்லமுடியாது. பெயர் கனமாக இருந்தால் கதையும் கனமாக இருக்கும் என்று நம்பினேன். வாடகைக்கு எடுத்த பட்டுப்புடவை மாதிரி அந்தப் பெயர்கள் அவர்கள் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தன.

லீவு நாளில் அம்மாவுக்கு எழுதியதைப் படித்துக் காட்டுவேன். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் காது கூர்மை. ராகி சங்கடி, அதாவது கேழ்வரகுக் களி, கிளறிக்கொண்டே கேட்பாள். கதாநாயகியின் பெயர் வருகிறபோதெல்லாம் அவள் கரண்டி ஒரு கணம் நிற்கும். ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா சொன்ன?"

சொன்னேன்.

"அவங்கம்மா எப்டிக் கூப்புடுவா? வாசல்ல நின்னுக்கினு சோறு துன்ன வாடின்னு இந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டா, கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிப்பூடும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளுக்கு அம்மா இல்லம்மா. சூனியக்காரி" என்றேன்.

"சூனியக்காரிக்கு மட்டும் அம்மா இல்லாம எங்கேர்ந்து வந்தா?" என்றாள் அம்மா.

அன்று சங்கடியை உருண்டை பிடிக்கும்போது யோசித்தேன். வாசலில் நின்று கூப்பிட முடியாத பெயர் பெயரே இல்லை. நீளமான பெயர்களை எல்லாம் அழித்தேன். புராணம் வேண்டும் என்றால் நான் ஏன் இணையத்தில் தேடவேண்டும்? எங்கள் ஊரில் வைகிற ஒவ்வொரு வசவிலும் ஒரு புராணம் இருக்கிறது.

முதல் சூனியக்காரிக்கு மூத்தாள் என்று வைத்தேன். பாற்கடலைக் கடைந்தபோது லட்சுமிக்கு முன்னால் வந்த அக்காவை நம் ஜனங்கள் மூதேவி என்று வசவாக்கி வைத்திருக்கிறார்கள். தங்கச்சி பெயரில் திருப்பதியில் தெருவுக்கு நாலு கடை இருக்கிறது. அக்கா பெயரில் ஒரு பெட்டிக்கடையாவது உண்டா? அதனாலேயே வைத்தேன். இரண்டாமவள் எல்லைச்சி. மகன் கையால் தலை வெட்டுப்பட்டு, வேறொருத்தி உடம்பில் தலை ஒட்டப்பட்டு, ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கிற அம்மனின் கதையிலிருந்து எடுத்தது. எல்லாரும் அந்தத் தலையைத்தான் கும்பிடுகிறார்கள். அந்த உடம்பு சேரியில் இருந்த ஒருத்தியுடையது. அவள் பெயரை யாரும் கேட்டதே இல்லை. நான் கேட்டேன், கிடைக்கவில்லை, நானே வைத்தேன்.

மூன்றாமவள் கதாநாயகி. அவளுக்குப் பெயர் தேடவே இல்லை. அது என் வீட்டிலேயே இருந்தது.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு அண்ணன், ஒரு அக்கா. இருவருக்கும் ஆசை ஆசையாகச் சாமி பெயர் வைத்தார்கள். இருவரும் தவழுவதற்குள் போய்விட்டார்கள். மூன்றாவதாக நான் பிறந்ததும் அம்மா பெயர் யோசிக்கவில்லை, தந்திரம் யோசித்தாள். என்னை ஒரு கிழிந்த முறத்தில் போட்டு, குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மா அந்த வழியாக வருகிற மாதிரி வந்து, இது என்ன விலை என்று கேட்டாள். தவிடுதான் விலை என்று அம்மா சொன்னாள். ஒரு கை தவிட்டுக்கு என்னை விற்றாள். வாங்கியவள், இது என் பிள்ளை, எனக்காக நீ வளர்த்துக்கொடு என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூக்கைக் குத்தி நூல் கட்டினார்கள். குப்பம்மா என்று கூப்பிட்டார்கள். எமன் வந்து பார்த்தால் இந்த வீட்டில் பிள்ளையே இல்லை, குப்பைதான் கிடக்கிறது, அதுவும் அடுத்தவள் வீட்டுக் குப்பை. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான்.

போய்விட்டான். அதற்குச் சாட்சி நான். மூக்கில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதேம் பேரம்மா? மார்ச்சேத்தாம்" என்றார். இது என்ன பெயர், மாற்றிவிடலாம் என்று. அவர் மகளுக்கு வைக்க நினைத்திருந்த பெயரோ என்னவோ, ஒரு அழகான பெயரை எனக்கு எழுதினார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் என் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆதாரிலும் கம்பெனி அட்டையிலும் அந்தப் பெயர்தான். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இன்றைக்கும் நான் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புகிறேன். திருப்பதிக்கு வந்த புதிதில் அம்மா என்னைத் தெருவில் பழைய பெயரால் கூப்பிட, வீட்டுக்காரம்மா முகத்தைச் சுளித்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அம்மா வெளியில் என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டாள். பழைய பெயர் கதவுக்கு உள்ளே மட்டும், அதுவும் மெதுவாக.

அந்தப் பெயரைத்தான் கதாநாயகிக்கு வைத்தேன். வைத்ததும் கதையே மாறிப்போனது. இவள் தொட்டு ஒரு கேவலமான பெயரைச் சொன்னால், அந்தப் பொருள் சாவின் கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை விளக்குமாறு என்பாள், அது பிழைத்துக்கொள்ளும். எதிரிப் படை வரும்போது ஊரையே சாணிக்குண்டு என்பாள், படை தாண்டிப் போய்விடும். அவள் சக்தியே அவள் பெயர்தான். ஆப்பில் ஜனங்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். தங்கள் வீட்டிலும் ஒரு பிச்சம்மா இருந்தாள், ஒரு தவிட்டம்மா இருந்தாள் என்று எழுதினார்கள்.

அப்போதுதான் சென்னைக்காரர் போன் செய்தார். புத்தகமாகப் போடலாம் என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

"கதை பிரமாதம் மேடம். ஒரே ஒரு சின்ன விஷயம்தான்."

"சொல்லுங்க சார்."

"ஹீரோயின் பேரு. ஃபேன்டஸின்னா ஒரு மயக்கம் வேணும் இல்லையா? அட்டையில குப்பம்மான்னு போட்டா யாரு கையில எடுப்பாங்க? புராணத்துல எவ்வளவோ பேர் இருக்கே. அர்த்தமுள்ள பேரா ஒண்ணு வைப்போம்."

"இதுக்கும் அர்த்தம் இருக்கு சார்."

"குப்பைதானே மேடம்?"

"ஆமா சார். குப்பைதான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முறம், தவிடு, எமன் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "இது வந்து பழக்கவழக்கம் மேடம். புராணம் வேற" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒருத்தி எமன்கிட்ட வாதாடி ஜெயிச்சா அது புராணம். எங்கம்மா அவனை ஏமாத்தி ஜெயிச்சா அது பழக்கவழக்கமா சார்?"

"நல்ல பாயின்ட் மேடம். அதை முன்னுரையில எழுதுங்க. பேரை மட்டும் மாத்திடலாம். நிசாம்பரின்னு வைக்கலாமான்னு பாக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

எங்கள் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை என்கிற அம்மன் திருவிழாவில் வேஷம் கட்டியவர்கள் தெருவில் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டு போவார்கள். திட்டு வாங்கினால் நோய் அண்டாது என்று ஜனங்கள் எதிரே போய் நின்று வாங்கிக்கொள்வார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு அசிங்கமான வார்த்தைக்குச் சக்தி கிடையாது என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமா? நிசாம்பரியாம். எந்தக் குழந்தையை யார் எந்த வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டார்கள்?

அம்மா என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். அதுவரை கதாநாயகிக்குப் பெயர் மாற்றியதை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை; படித்துக் காட்டும்போது பெயர் வருகிற இடத்திலெல்லாம் சூனியக்காரி என்றே சொல்லிச் சமாளித்திருந்தேன். புத்தகம் வந்ததும் கையில் கொடுத்து, பார், நீ வைத்த பெயர் என்று காட்டலாம் என்று ஆசை. இப்போது ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இன்னாடி சொல்ற? அந்தப் பேரயா பொஸ்தகத்துல போட்டுக்கீற?"

"ஆமாம்மா. அவதான் எல்லாரையும் காப்பாத்துறா."

"படிக்கறவங்கோ இன்னா சொல்றாங்கோ?"

"சூப்பரா கீதுன்றாங்க. எல்லாருக்கும் அந்தப் பேரு புடிச்சிருக்குது."

அம்மா கீரையைத் தள்ளி வைத்தாள். "மாத்திடு" என்றாள்.

"என்னம்மா நீயும்?"

"நான் இன்னாத்துக்குடி அந்தப் பேர வெச்சேன்? யாரும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு வெச்சேன். நீ அத்தத் தூக்கினு போயி ஊருக்கெல்லாம் காட்டிக்கினு கீற. இத்தினி நாளா குப்பைன்னு நெனச்சிக்கினு தாண்டிப் போய்க்கினு இருந்தான். இப்ப எல்லாரும் சூப்பரு சூப்பருன்னா, அவனும் இன்னாடா அதுன்னு நின்னு பாப்பான் இல்ல?"

அவன் என்றால் யார் என்று எனக்குத் தெரியும். அவன் பெயரை அம்மா சொல்லமாட்டாள்.

"நான் குழந்தையாம்மா? இவ்ளோ பெருசா வளந்துட்டேன்."

"அவனுக்குப் பெருசு சின்னது தெரியாது. அந்த ஆளு நல்ல பேரா வெக்கறேன்றாரு இல்ல? வெச்சிக்கினு போட்டும். நம்ம பேரு நம்ம ஊட்டுக்குள்ள இருக்கட்டும்."

நான் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு மாடிக்குப் போனேன். சென்னைக்காரரை எதிர்க்க என்னிடம் நூறு வாதம் இருந்தது. அம்மாவை எதிர்க்க ஒன்றுகூட இல்லை. கதையின் இலக்கணத்தை அவள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள். நான் எழுதிய மந்திரத்தின்படியே பார்த்தாலும் அவள் சொன்னதுதான் சரி. கேவலமாக இருக்கிறவரைதான் அந்தப் பெயர் வேலை செய்யும்.

அதற்கடுத்து நடந்தது அம்மாவுக்குச் சாதகமாகப் போய்விட்டது. மழை விட்டதும் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு டெங்கு வந்தது. எங்கள் வீட்டில் எனக்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போக, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். நர்ஸ் அட்டையைப் பார்த்து என் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். எனக்குக் காதில் விழும், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றிருக்கும். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, காதுக்குள் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தக் குரலுக்கு மட்டும் கண்ணைத் திறப்பேன்.

உடம்பு கொஞ்சம் தெளிந்த ஒரு மத்தியானம் சென்னைக்காரரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அட்டைப் படமே போட்டு அனுப்பியிருந்தார். கருநீல வானம், நிலா, கூந்தலை விரித்த ஒரு வெள்ளைப் பெண், மேலே நிசாம்பரி. நன்றாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும். ஒப்பந்தமும் கூடவே வந்திருந்தது. சரி என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், அச்சுக்குப் போய்விடும் என்றிருந்தார். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாது அது?"

சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்தி வீங்கிய கை.

"சரின்னு போட்டுட்றி. ஒன் காலப் புடிச்சிக்கினு கேக்குறேன். ரெண்டக் குழில போட்டுட்டு வந்தவ நானு. மூணாவத வெச்சி வெளயாடாத."

என் வாழ்க்கையில் அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கழனிக்காரர்களிடம்கூட அவள் கெஞ்சியதில்லை. என்னிடம் கெஞ்சினாள். எனக்கு அழுகை வந்தது. ஒரு வார்த்தை தட்டினால் அம்மாவுக்கும் நிம்மதி, சென்னைக்காரருக்கும் நிம்மதி, எனக்கும் புத்தகம் வந்துவிடும். அந்த வார்த்தையை எழுதவும் செய்தேன். அனுப்பவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குள் எழுந்தது பக்தியோ இலக்கியமோ இல்லை. வெறும் கோபம். அழகான பெயர் வைத்த இரண்டு பிள்ளைகளை இந்த உலகம் எடுத்துக்கொண்டது. மருந்து கிடைக்காமலும் வண்டி கிடைக்காமலும்தான் அவர்கள் போனார்கள் என்பது எனக்கு இப்போது தெரியும். ஆனால் அன்றைக்கு என் அம்மாவின் கையில் டாக்டர் இல்லை, வண்டி இல்லை, நிலம் இல்லை. ஒரு வார்த்தை மட்டும் இருந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்று சாவோடு மல்லுக்கட்டினாள். அதைத்தான் வாத்தியார் ஒரு பேனாவால் அடித்தார். அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரம்மா சிரித்தார். இப்போது நானே என் கையால் அழிக்கவா? மாட்டேன். யாருக்குப் பயந்தும் மாட்டேன். அம்மாவின் பயத்துக்கும் சேர்த்தே மாட்டேன்.

எழுதியதை அழித்துவிட்டு, "பெயர் மாறாது சார், மன்னிக்கவும்" என்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கும்பிடுகிற கை பொம்மை ஒன்று வந்தது. அவ்வளவுதான், அவர் கதை முடிந்தது. அம்மாவுக்கு நான் சொல்லாமலே புரிந்துவிட்டது. எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"மா," என்றேன். "இத்தினி நாளா காதுல எந்தப் பேரச் சொல்லிக்கினு இருந்த?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாடு பூரா தெரிஞ்ச பேருதானே அது? இன்னும் வேல செய்யுது பாரு. கண்ணத் தொறந்துகினுதானே கீறேன்?"

"வாய மூடிக்கினு படுடி" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் புத்தகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சோறு போட்டாள், கஞ்சி வைத்தாள், கதை கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். நான் படிக்க ஆரம்பித்தால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். அது எனக்கு டெங்குவைவிட அதிகமாக வலித்தது. என் முதல் வாசகி அவள்தான்.

பிறகு வேலூரில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிற ஒருவர், ஆப்பில் கதையைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். பெயரைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தேன். "பேரு சூப்பர்மா. பக்கத்ததான் கொஞ்சம் கொறச்சிக்கணும், பேப்பர் வெல ஏறிக்கினே போவுது" என்றார். பக்கத்தைக் குறைத்தேன். சண்டைக் காட்சிகளை வெட்டும்போது கூட எனக்கு வருத்தம் வரவில்லை.

ஒரு நாள் காலையில் கூரியரில் பெட்டி வந்தது. அட்டையில் குப்பைமேட்டின் மேல் ஒரு கறுத்த பெண் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள், மூக்கில் நூல். அவளுக்கு மேலே குப்பம்மா என்று தங்க நிறத்தில், வெயில் பட்டால் கண் கூசுகிற மாதிரிப் பளபளவென்று போட்டிருந்தார்கள். தங்க நிறம் வேண்டும் என்று கேட்டது நான்தான். அம்மாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. எழுத்து தெரியாவிட்டாலும் அந்த மினுமினுப்பு அவளுக்குத் தெரிந்தது. எழுத்தின் மேல் விரலை வைத்து, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை.

"இத்தினி பளபளன்னு கீதே" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் எனக்கு லீவு. காலையில் தெருவில் நகராட்சிக் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. எட்டிப் பார்த்தால், எங்கள் வீட்டு முறத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அம்மா படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். முறத்தில் என் புத்தகம். குப்பையில் போடப் போகிறாள் என்று நினைத்து, வெறுங்காலோடு பின்னால் ஓடினேன்.

வண்டியோடு குப்பை வாங்க வருகிற அம்மா தெலுங்குக்காரர், எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவர். என் அம்மா அவருக்கு முன்னால் முறத்தைச் சாய்த்து, குப்பை மேல் புத்தகத்தை வைத்தாள். வாழைத்தோலும் டீத்தூளும் தேங்காய்நாரும் கிடந்த குப்பை. வைத்துவிட்டு நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முறத்தைப் பார்த்தார், என் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் மூக்கைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார்.

"எந்தக்கு அம்முதாவு?" என்றார். என்ன விலைக்கு விற்பாய் என்று.

"தவுட்டுக்கு" என்றாள் அம்மா.

இடுப்பில் முடிந்து வைத்திருந்ததை அம்மா அவிழ்த்து, யாரும் பார்க்காத மாதிரி அந்த அம்மாவின் கையில் திணித்தாள். முந்தின நாள் எங்கே போனாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாட்டுத்தீவனக் கடையில் வாங்கிய தவிடு. அந்த அம்மா அதே தவிட்டை எல்லோரும் பார்க்க என் அம்மாவின் கையில் விலையாகக் கொட்டினார். புத்தகத்தைக் குப்பையிலிருந்து எடுத்து மார்போடு ஒரு தரம் அணைத்துக்கொண்டார்.

"நா பிட்ட. நுவ்வு பெஞ்சு" என்று என் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். என் பிள்ளை, நீ வளர்.

பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்தார். அந்த அம்மா கையுறையை மாட்டிக்கொண்டு, வண்டியைத் தட்டி, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அட்டையில் டீத்தூள் ஒட்டியிருந்தது. தங்க எழுத்தின் மேல் வாழைத்தோலின் கறை கோடிழுத்திருந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை. நான் முந்தானையால் துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். பிறகு முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் தெரு நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மாடியில் வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரும் பார்த்தார்.

அம்மா வாசலில் போய் நின்று திரும்பினாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, சந்தையில் கூவுகிற குரலில், தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.

"அடியே குப்பம்மா! சோறு ஆறிக்கினு கீது, துன்ன வாடி!"

ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் திரும்பினேன்.